ஆப் எல்லா வங்கியிடமும் இருக்கிறது. அனுபவம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கித்துறையில் புதுமை என்றாலே எந்த வங்கி புது ஆப் விட்டது, எது செயற்கை நுண்ணறிவுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியது, எது எத்தனை கிளைகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் செல்போனுக்குள் கொண்டுவந்தது என்றுதான் செய்தி வருகிறது. அதெல்லாம் தெரிய வேண்டிய விஷயம்தான். ஆனால் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்தச் செய்திகளில் முக்கியமான பாதி விடுபட்டுப் போகிறது என்று படுகிறது. ஒரு வங்கி மற்றொன்றை முந்துவதற்கான பலம் பெரும்பாலும் அதன் ஊழியர்களுக்குத் தெரிந்த விஷயங்களில் இருக்கிறது, அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் இன்று பல வங்கிகளில் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வங்கித் தொழிலில் வெளியே தெரிகிற எந்தப் புதுமையும் ரொம்ப நாள் ஒரே வங்கியின் சொத்தாக இருந்ததில்லை. லண்டனின் வடக்கே என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி 1967 ஜூன் 27 அன்று பணம் தரும் இயந்திரத்தைத் திறந்தது. சில வாரங்களுக்குள் ஸ்வீடனிலும், பிரிட்டனிலேயே போட்டி வங்கி ஒன்றிலும் அதே மாதிரி இயந்திரங்கள் வந்துவிட்டன. அது இரும்பும் இயந்திரமுமாக இருந்த காலத்திலேயே அப்படி. இன்று ஒரு வங்கி புது வைப்புத் திட்டம் அறிவித்தால் அடுத்த வாரம் பக்கத்து வங்கி வேறு பெயரில் அதையே அறிவிக்கிறது. கணக்கு வைக்கும் சாப்ட்வேரை விற்பவை உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதே சில நிறுவனங்கள்தான். பணம் அனுப்பும் வழியும் பொதுவாகிவிட்டது. 2016-ல் வந்த இந்தியாவின் யுபிஐ, 2020-ல் வந்த பிரேசிலின் பிக்ஸ் இரண்டிலும் பெரிய வங்கியும் சின்ன வங்கியும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. எல்லாரும் வாங்கக்கூடிய ஒன்று யாருக்கும் தனிப்பட்ட பலமாக இருக்க முடியாது. நிர்வாகவியல் அறிஞர் ஜே பார்னி 1991-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: நிலைத்த போட்டி பலம் தரும் வளம் மதிப்புள்ளதாகவும், அரிதாகவும், மற்றவர் எளிதில் நகல் எடுக்க முடியாததாகவும், வேறொன்றை வைத்து ஈடுகட்ட முடியாததாகவும் இருக்க வேண்டும். ஒரு வங்கியில் இந்த நான்குக்கும் பொருந்துவது எது என்று தேடிப் பாருங்கள். கட்டடம் பொருந்தாது, சாப்ட்வேர் பொருந்தாது, வட்டி விகிதம் சுத்தமாகப் பொருந்தாது. மிஞ்சுவது ஊழியர்களிடம் இருக்கும் அறிவுதான்.

அந்த அறிவு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் புரியும். கடன் கேட்டு ஒரு வியாபாரி வருகிறார் என்றால் அவருடைய இருப்புநிலைக் குறிப்பு, வரிக் கணக்கு, கிரெடிட் ஸ்கோர் எல்லாம் மேஜைக்கு வந்துவிடும், அதைப் படிக்கக் கணினிக்கும் தெரியும். ஆனால் நல்ல கடன் அதிகாரி கூடவே வேறு சிலவற்றையும் பார்ப்பார். கணக்கில் பணம் மாதக் கடைசியில் மட்டும் திடீரென்று வந்து இரண்டு நாளில் வந்த வழியே திரும்பிப் போகிறதா, சரக்கு இருப்பு ஏறிக்கொண்டே போகும்போது விற்பனையும் ஏறுவதாகக் காட்டப்படுகிறதே அது எப்படி, சீசன் முடிந்த பிறகு ஏன் இவர் வரம்பை உயர்த்தக் கேட்கிறார், இவ்வளவு நாள் தானே வந்து பேசிக்கொண்டிருந்தவர் ஏன் இப்போது கணக்குப்பிள்ளையை அனுப்புகிறார்? இதில் பாதி எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூத்தவர் கோப்பைப் புரட்டும் விதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நொனாகா, எழுதிக் கொடுக்க முடிகிற அறிவு ஒன்று, கைப்பழக்கமாக ஊறிப்போன அறிவு இன்னொன்று என்று பிரித்துவிட்டு, நிறுவனத்தில் புதியது எதுவும் பிறப்பது இந்த இரண்டும் ஒன்றாக மாறி மாறிப் புழங்கும்போதுதான் என்றார். வங்கிக் கிளையில் வேலை பார்த்த எவருக்கும் இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

இதையே நம்பி ஒரு வங்கியை நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடனின் ஹாண்டல்ஸ்பாங்கனைக் காட்டுவேன். 1970-ல் யான் வாலண்டர் என்பவர் அதன் தலைமைக்கு வந்தார். வந்ததும் கடன் முடிவுகளைக் கிளைகளுக்கே தள்ளினார், வருடாந்திர பட்ஜெட் போடும் வழக்கத்தையே நிறுத்தினார். வாடிக்கையாளரைத் தெரிந்தவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் 1973-ல் தொடங்கிய இலாபப் பங்கு நிதி: வங்கியின் இலாப விகிதம் போட்டியாளர்களின் சராசரியைத் தாண்டினால் ஊழியர்களுக்குப் பங்கு, அதுவும் பதவி வித்தியாசமில்லாமல் ஒரே அளவு. பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தால் எனக்கு நஷ்டம் என்ற பயம் அங்கே எழவே வழியில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் வங்கிகள் பெரும் நெருக்கடியில் மாட்டியபோது, பெரிய வங்கிகளில் அரசு உதவியைக் கேட்காமல் தாக்குப்பிடித்தது இது. கடன் கொடுத்தவருக்கே அந்தக் கடனைப் பற்றித் தெரிந்திருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன். சமீப ஆண்டுகளில் அந்த வங்கியும் கிளைகளை வெகுவாகக் குறைத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பல பத்தாண்டுகள் அந்த முறை ஓடியது, இலாபத்தோடு ஓடியது.

அறிவைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலையவே வேண்டாம்.

2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் சார்பில் அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியதோ கிட்டத்தட்ட 90 கோடி டாலர், அதுவும் வங்கியின் சொந்தப் பணம். காரணம் என்ன? பழைய சாப்ட்வேரில் அசல் தொகை வெளியே போகாமல் தடுக்கத் திரையில் உள்ள மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். ஒன்றில் மட்டும் குறியிட்டார்கள். பதிவு செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேருமே ஒரே கட்டம் போதும் என்றுதான் நினைத்தார்கள். அதாவது சரிபார்ப்பு முறை இருந்தது, ஆள் இருந்தார்கள், அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு மட்டும் அந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. ஒரே விஷயத்தைத் தெரியாத மூன்று பேர் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது மூன்று மடங்கு பாதுகாப்பு ஆகிவிடாது. சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டு, 2021-ல் முதல் நீதிமன்றத்தில் தோற்று, 2022-ல் மேல்முறையீட்டில்தான் வங்கி தப்பித்தது. அந்தத் திரையின் முன்னால் உட்காரப் போகிறவருக்கு, அதை அறிந்த ஒருவர் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

பேரிங்ஸ் கதை இன்னும் கசப்பானது, ஏனென்றால் அங்கே விஷயம் தெரிந்தே இருந்தது. 1762-ல் தொடங்கிய வங்கி அது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஒரே ஆள் வர்த்தகத்தையும் பார்த்தார், அதன் கணக்கு முடிக்கும் பிரிவையும் பார்த்தார். இது ஆபத்து என்று வங்கியின் சொந்த உள்தணிக்கை 1994-லேயே எழுதியிருந்தது. எழுதியது கோப்பில் தூங்கியது. 1995-ல் 82 கோடியே 70 லட்சம் பவுண்ட் நஷ்டத்தோடு வங்கி விழுந்தது, நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. தெரிந்துகொண்டது முடிவெடுப்பவரின் கையை அசைக்கவில்லை என்றால் அதைத் தெரிந்ததாகவே கணக்கில் எடுக்கக்கூடாது. 2018-ல் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் கணினி அமைப்பை மாற்றியபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்கக்கூட முடியாமல் நின்றதையும், 2022-ல் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1959-ல் பிறந்த கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்கள் இன்னும் எத்தனையோ வங்கிகளின் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுதியவர்களும் பராமரித்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். குறிப்பிட்ட ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது அவர்களோடு போய்விடும்.

சரி, இதெல்லாம் நஷ்டத்தைத் தவிர்ப்பது பற்றித்தானே, புதுமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் அனுபவத்தில் நேரடிச் சம்பந்தம். கென்யாவின் எம்-பெசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் சோதனை ஓட்டம் தொடங்கியபோது அது சிறுகடன் வாங்கியவர்கள் செல்போன் வழியாகத் தவணை கட்டுவதற்கான ஏற்பாடு. ஆனால் ஓட்டத்தில் சேர்ந்தவர்கள் அதை வேறு எதற்கெல்லாமோ பயன்படுத்தினார்கள்: ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினார்கள், பயணம் போகும்போது பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் போனில் போட்டுவைத்து இறங்கிய இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். கடன் நிறுவனத்துக்கோ அந்த ஏற்பாடு தன் கணக்கு முறையோடு சரியாக ஒட்டவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலான நிறுவனங்கள், வாடிக்கையாளர்கள் திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிக்கை எழுதி மூடியிருக்கும். அதை நடத்திய சஃபாரிகாம் அதைக் கூர்ந்து கவனித்தது, கடன் தவணையை ஓரமாக வைத்தது, வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாகவே மாற்றி 2007-ல் வெளியிட்டது. அது நாட்டின் பணப் புழக்கத்தையே மாற்றிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, சஃபாரிகாம் ஒரு வங்கி இல்லை, தொலைபேசி நிறுவனம். ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பப் படும் பாடு வங்கிக் கவுண்டரில் இருந்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். கவுண்டரில் தெரிந்தது திட்டம் போடும் அறைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கிரெடிட் கார்டும் இப்படித்தான். பேங்க் ஆஃப் அமெரிக்கா 1958-ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. மோசடியும் வராத கடனும் எதிர்பார்த்ததைத் தாண்டி எங்கேயோ போயின. ஆனாலும் திட்டத்தை விடாமல் வைத்திருந்து, யாருக்குக் கார்டு தரலாம், எந்தச் செலவு சந்தேகத்துக்குரியது, எப்படி வசூலிப்பது என்று நஷ்டத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கற்றார்கள், சில வருடங்களில் இலாபத்துக்கு வந்தார்கள். அதுதான் பின்னாளில் விசா ஆனது. கார்டை யாரும் அச்சடிக்கலாம். அந்த நஷ்ட வருடங்களில் கற்றதை வெளியிலிருந்து யாரும் வாங்க முடியாது.

இப்போது நம் காலத்து வங்கி நிர்வாகங்கள் என்ன செய்கின்றன? அறிவு மேலாண்மை என்று பெயர் வைத்து ஒரு இணையத் தளம் திறப்பார்கள். பழைய சுற்றறிக்கை, புதுச் சுற்றறிக்கை, ரத்தான சுற்றறிக்கை, எல்லாவற்றையும் அதில் கொட்டுவார்கள். தேடினால் பன்னிரண்டு பதில் வரும், எது இன்று செல்லும் என்பது வராது. கிளையில் இருப்பவர் தேடுவதை விட்டுவிட்டுத் தெரிந்த நண்பருக்குப் போன் போடுவார். அந்த நண்பர்தான் வங்கியின் உண்மையான அறிவு மேலாண்மை. அவரையும் அடுத்த மாதம் இடமாற்றம் செய்வார்கள். ஒப்படைப்புக் குறிப்பில் சாவி எண்ணிக்கையும் ரொக்க இருப்பும் இருக்கும், எந்த மூன்று கடனைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்பது இருக்காது. இடமாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரே நாற்காலியில் ரொம்ப நாள் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தனி வரலாறு உண்டு. போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரம் சேர்ந்து உட்காரக்கூட இடம் கொடுக்காமல் மாற்றுவதைத்தான் சொல்கிறேன். விருப்ப ஓய்வுத் திட்டத்திலும் இதே கதை. சம்பளம் எவ்வளவு மிச்சமாகும் என்று பைசா வரை கணக்குப் போடுகிறார்கள், எந்த அறிவு வெளியே போகிறது என்று ஒருவரும் எழுதிவைப்பதில்லை.

இதைவிட மோசம் தரவரிசைப் பட்டியல். கிளைக்குக் கிளை, ஊழியருக்கு ஊழியர் என்று போட்டுத் தினமும் திரையில் காட்டினால், யார் தனக்குத் தெரிந்த வழியை அடுத்தவருக்குச் சொல்வார்? அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோவில் விற்பனை இலக்கு அழுத்தம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 2016-ல் உலகத்துக்கே தெரிந்தது: வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன, முதல் கட்டமாக மட்டும் 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம். கீழே வேலை செய்தவர்களுக்கு நடப்பது வருடக்கணக்காகத் தெரியும், சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். இலக்கு மட்டுமே பேசப்படும் இடத்தில் கெட்ட செய்தி மேலே ஏறாது. கெட்ட செய்தி ஏறாத இடத்தில் புது யோசனையும் ஏறாது, இரண்டும் ஒரே படிக்கட்டில்தான் போக வேண்டும்.

அப்புறம் வாடிக்கையாளர் புகார்கள். வங்கிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆராய்ச்சி அது. அதை வெளி நிறுவனத்தின் கால் சென்டருக்குக் கொடுத்து, எத்தனை நிமிடத்தில் போனை வைத்தார்கள் என்று மட்டும் அளந்தால், ஒரே கேள்வியை ஆயிரம் பேர் ஏன் கேட்கிறார்கள் என்பது வங்கிக்குள் வரவே வராது. படிவத்தில் ஒரு வரியை மாற்றினால் தீரக்கூடிய பிரச்சினைக்கு வருடம் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கருவி நல்ல கருவி, ஆயிரம் பக்க ஒப்பந்தத்தைக் கண் இமைப்பதற்குள் படித்துவிடும், இளம் ஊழியருக்குக் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க ஒரு இடம் கிடைக்கும். ஆனால் அது படிப்பது நாம் எழுதிவைத்ததை. ரத்தான சுற்றறிக்கையை நீக்காமல் வைத்திருந்தால் அதையே மிகத் தெளிவான மொழியில் எடுத்துச் சொல்லும், படிப்பவரும் நம்பிவிடுவார். மறுத்த கடன்கள் ஏன் மறுக்கப்பட்டன என்று யாருமே எழுதவில்லை என்றால், கொடுத்த கடன்களை மட்டும் பார்த்து அது எதைக் கற்கும்? எல்லா வங்கியும் அதே கருவியை வாங்கப் போகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அதன் வாயில் யார் என்ன ஊட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் வரும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் இல்லை. ஓய்வு பெறப்போகிறவரின் கடைசி சில மாதங்களை டார்கெட்டிலிருந்து விடுவித்து இரண்டு இளையவர்களோடு உட்கார வைக்கலாம், பழைய வாராக்கடன் கோப்புகளை எடுத்து வைத்து 'இதில் முதல் அறிகுறி எந்தப் பக்கத்தில் தெரிந்தது' என்று அவர் காட்டட்டும். என்னைக் கேட்டால் எந்தப் பயிற்சிக் கல்லூரி வகுப்பும் இதற்கு ஈடாகாது. கடன் மறுக்கும்போது காரணத்தை நான்கு வரி ஒழுங்காக எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். நூலிழையில் தப்பிய தவறுகளைச் சொல்பவரைத் தண்டிக்காமல் பதிவு செய்யலாம். ஊழியர் மதிப்பீட்டில், வேறு கிளையில் எத்தனை பேருக்கு இவர் உதவினார் என்பதற்கும் மதிப்பெண் வைக்கலாம், பெயருக்கு இல்லாமல் பதவி உயர்வைத் தொடும் அளவுக்கு. போட்டி வங்கிகளே தங்கள் நஷ்டங்களைப் பெயர் மறைத்துப் பகிர்ந்துகொள்ள 2002-ல் ஓஆர்எக்ஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கியிருக்கின்றன. போட்டியாளரோடு பகிர முடிகிறது என்றால், ஒரே வங்கியில் மேல்மாடியும் கீழ்மாடியும் பேசிக்கொள்வதில் என்ன கஷ்டம்?

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. காலாண்டு முடிவு அறிவிக்கும்போது வங்கித் தலைவர்கள் செய்தியாளர்களைச் சந்திக்கிறார்கள். இலாபம், வாராக்கடன், ஆப் பதிவிறக்கம் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: இந்த வருடம் அனுபவமுள்ளவர்கள் எத்தனை பேர் வெளியே போனார்கள், அவர்களுக்குத் தெரிந்ததை யார் கற்றுக்கொண்டார்கள், கிளையிலிருந்து வந்த எந்த யோசனை இந்த வருடம் சேவையாக மாறியது, அந்த யோசனையைச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது? பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, உங்கள் வாசகர்